மணவறையில் ஒரு கட்டை

இவர் யாருடைய வீட்டுக்குப் போனாலும் முதலில் நிலத்தைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் வாங்கோ, இருங்கோ என்று சொல்லி முடிப்பதற்குள் இவருடைய கண் கார்ப்பெற்றின் மூட்டைத் தேடிப் போய்விடும். இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் கொஞ்சம் பிசிறு தெரிந்தால் போதும், கையில் வடையோடு குனிந்து தடவத் தொடங்கிவிடுவார். யார் போட்டது, எவ்வளவு வாங்கினான், ஏன் இப்படிக் கொலை செய்திருக்கிறான் என்று விசாரணை நடக்கும். எனக்கு மானம் போகும். பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறோமா, கார்ப்பெற் பார்க்கப் போகிறோமா என்று காரிலேயே கேட்டுத்தான் இவரைக் கூட்டிப் போவேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவர் இரத்தினவேலை. பெயரை இந்த ஒரு தடவை சொல்லியாயிற்று, இனிச் சொல்லமாட்டேன். கட்டின நாளிலிருந்து இவர் என்றே சொல்லிப் பழகிவிட்டது.

ஊரில் இவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். வெள்ளைச் சேட்டும் பேனையுமாகக் கதிரையில் இருந்து உத்தியோகம் பார்த்த மனிதர். எண்பத்தாறில் தனியாகக் கனடாவுக்கு வந்து இறங்கியபோது, ஒரு போர்த்துக்கீசக்காரர் இவரைக் கார்ப்பெற் போடுகிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த வேலை முழுக்க முழங்காலில்தான். அதிலும், கார்ப்பெற்றைச் சுவரோடு இழுத்து இறுக்குவதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஒரு நுனியில் பல்லுப் பல்லாக இருக்கும், மறு நுனியில் ஒரு மெத்தை. பல்லைக் கார்ப்பெற்றில் ஊன்றிவிட்டு மெத்தையை முழங்காலால் உதைக்க வேண்டும். அறையின் ஒவ்வொரு மூலையிலும் உதை, சுவர் நீளத்துக்கும் உதை. ஸ்காபரோவிலும் ரெக்ஸ்டேலிலும் எத்தனையோ வீடுகளில் சனங்கள் மெத்து மெத்தென்று நடக்கிறார்கள் என்றால், அது இவர் தன் முழங்காலால் உதைத்து உதைத்துப் போட்டது. நாங்கள் வாடகைக்கு இருந்த அஜின்கோர்ட் அப்பார்ட்மென்ரில் மட்டும் வெறும் மரத்தரை.

நானும் மகள் நிலாணியும் தொண்ணூற்றொன்றில் வந்து சேர்ந்தோம். இவர் புறப்பட்டபோது நிலாணிக்குப் பதினொரு வயது. விமானநிலையத்துக்கு இவர் அவளுக்கென்று ஒரு குளிர்ச் சட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நல்ல சிவப்பு, நல்ல விலை. போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளையை நினைத்து வாங்கியிருக்கிறார் மனிதர். எதிரே நின்றதோ என்னைவிட உயரமான பதினாறு வயதுக் குமர். அவள் பாவம், சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். அவள் இவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. மரியாதை குறைவில்லை, முகம் சுளிப்பதில்லை, தேத்தண்ணி போட்டால் இவருக்கும் சேர்த்துத்தான் போடுவாள். ஆனால் குசினிக்குள் என்னிடம் வந்து "அவருக்குச் சீனி போடுறதோ?" என்று கேட்பாள். ரெலிபோன் வந்தால், "அம்மா, அவருக்குத்தான்" என்பாள். சிறு வயதில் வாய்க்கு வாய் அப்பா, அப்பா என்று கத்தித் திரிந்த பிள்ளை. நடுவில் போன வருசங்களில் அந்தச் சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. இவருக்கும் அது தெரியும். ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. நான் ஒரு தடவை அவளை ஏசப் போனபோது, "விடும், பிள்ளையை வில்லங்கப்படுத்தாதையும்" என்று என்னை மறித்துவிட்டார்.

தொண்ணூற்றாறில் நிலாணிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை ராகுலன், றிச்மண்ட் ஹில்லில் குடும்பம், நல்ல அடக்கமான பொடியன். அடுத்த ஆவணியில் நாள் வைத்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் முன்னறையில் ஒரு பாயை விரித்தார். என்ன செய்கிறார் என்று பார்த்தால், காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து பார்க்கப்போகிறாராம். தகப்பன் மணவறையில் சப்பாணி கட்டி இருந்து, கிரியை எல்லாம் முடித்து, மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நான் இருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். தாரை வார்ப்பது என்றால் அதுதான். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். பாதியில் முழங்கால் நெறுக்கென்றது. அப்படியே பக்கவாட்டில் சரிந்துபோனார். நானும் நிலாணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் மூட்டுத் தேய்ந்து வீங்கியிருக்கிறது, இனி முழங்காலில் நிற்கிற வேலை கூடாது, கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போகிற வானை ஓட்டவும் கூடாது, யோகா செய்து பார் என்று சொல்லி அனுப்பினார். இவர் வந்து "டொக்டர் யோகம் பாக்கட்டாம்" என்று சொல்ல, கனடாவில் டொக்டர்மாரும் சாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாக்கும் என்று நான் இவருடைய குறிப்பைத் தேடி எடுத்து வைத்தேன். நிலாணிதான் சிரித்துவிட்டு, யோகம் இல்லை அம்மா, யோகா என்று திருத்தினாள்.

லண்டனில் இருக்கிற இவருடைய தமையன் கதிரவேலுக்குச் செய்தி எட்டியது. அவர் தங்கமான மனிதர், குற்றம் சொல்லக்கூடாது. ரெலிபோன் எடுத்து, நீ கஷ்டப்படாதே தம்பி, நானும் உன்ரை அண்ணியும் மணவறையில் இருந்து தாரை வார்த்துக் கொடுக்கிறோம், நீ பக்கத்தில் கதிரை போட்டு இரு, முறைக்கு அது பிழையில்லை என்று சொன்னார். இவர் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்தார்.

"அவள் பெரியபிள்ளை ஆனதையும் நான் படத்திலைதான் பாத்தன், ராசேஸ்," என்றார். "இதையும் கதிரையிலை இருந்து பாக்கட்டோ?"

அடுத்த நாளே யோகா படிப்பிக்கிற இடம் தேடத் தொடங்கினேன்.

யோகா என்றால் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் சாமிமார் செய்வது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இங்கே பார்த்தால் தோசையில் இருக்கிற வகையைவிடக் கூட இருக்கிறது. முதலில் பக்கத்து ஜிம்மில் ஒரு வாரம் இலவசம் என்று துண்டு கொடுத்தார்கள், போனார். அது வேகமான யோகாவாம். பெட்டைகள் தவளை மாதிரிப் பாய்கிறார்கள், குனிகிறார்கள், நிமிர்கிறார்கள், இவர் ஒரு காலைத் தூக்குவதற்குள் அவர்கள் நாலு ஆசனம் முடித்துவிடுகிறார்கள். அந்த ரீச்சர் இவருக்குப் பக்கத்தில் வந்து முழங்காலுக்குள் மூச்சை விடு என்று சொன்னாளாம். இவர் வீட்டுக்கு வந்து எனக்கு அதைத்தான் சொன்னார்.

"எனக்கு மூக்காலை விடவே களைக்குது. உவள் முழங்காலாலை விடச் சொல்லுறாள்."

அந்த வாரம் முடியும் முன்பே முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அடுத்தது றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனபோது ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்ட வகுப்பு. இளைப்பாறிய கணக்கு மாஸ்ரர் ஒருவர் தன் வீட்டு பேஸ்மென்ரில் நடத்தினார். அது மூச்சும் தியானமும். மாஸ்ரர் நல்லவர், ஆனால் முதல் நாளே எல்லோரும் பத்மாசனத்தில் இருங்கோ என்றுவிட்டார். அதுதானே ஐயா மனிதருக்கு ஏலாது! இவரைப் பின்னால் கதிரையில் விட்டார்கள். கண்ணை மூடச் சொன்னதும் இவர் குறட்டை விடத் தொடங்கினார். மற்றவர்களுக்குத் தியானம் கலைந்தது. மாஸ்ரர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு மனம் ஏற்கெனவே நல்ல அமைதியாக இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது, கொமியுனிற்றி சென்ரரில் வயதானவர்களுக்கான கதிரை யோகா. இது இவருக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. சீனத்து ஆச்சிமார் நிறையப் பேர், கதிரையில் இருந்தபடியே கையைத் தூக்குவது, கழுத்தைத் திருப்புவது, முடிந்ததும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். இவர் சந்தோசமாகப் போய் வந்தார். மாசி மாதம் வரைக்கும் போனார். நான்தான் ஒரு நாள் கேட்டேன், நீங்கள் கதிரையில் இருக்கப் பழகவோ போறியள், கதிரையில் இருக்கத்தான் அண்ணை ஏற்கெனவே இடம் தந்திருக்கிறாரே என்று. இவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் ஆவணி வந்துகொண்டிருந்தது, என் வாயும் சும்மா இராது.

அப்போதுதான் என்னோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி றோசலினைப் பற்றிச் சொன்னாள். மன்னார்ப் பெண், முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமைகளில் ரெக்ஸ்டேலில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ரில் யோகா சொல்லித் தருகிறாள். வேதக்காரப் பெண்ணிடம், சேர்ச்சுக்குள் போய் யோகாவா என்று இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ரெலிபோனை எடுத்துக் கையில் கொடுத்தேன். இவர் முழங்கால் கதையை எல்லாம் சொல்லி முடிய, அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, ரெலிபோனைப் படாரென்று வைத்துவிட்டார்.

"கட்டையிலை ஏத்திறன், வாங்கோ அண்ணை எண்டுறாள்," என்றார். "என்னைக் கட்டையிலை ஏத்த அவ்வளவு அவசரமோ அவளுக்கு?"

எங்கள் ஆட்களுக்குக் கட்டை என்றால் சுடலையைத் தவிர வேறு என்ன ஞாபகம் வரும்? கட்டையில் போவான் என்று ஏசி ஏசிப் பழகின வாய்கள். நான் திரும்ப எடுத்துக் கதைத்தேன். றோசலின் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய வகுப்பில் மரக்கட்டை, பட்டி, தலையணை, மடித்த கம்பளி என்று சாமான்கள் இருக்கிறதாம். உடம்பு எட்டாத இடத்துக்குக் கட்டையை வைத்து எட்டப் பண்ணுவதாம். அண்ணைக்கு நிலம் எட்டாட்டி நாங்கள் நிலத்தை உயர்த்துவம் அக்கா என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

ரெக்ஸ்டேல் எங்கே, அஜின்கோர்ட் எங்கே. பஸ்ஸில் போனால் அரை நாள் போய்விடும். வான் ஓட்டக் கூடாது. எனக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் நிலாணி தன் பழைய காரில் இவரைக் கொண்டுபோனாள். முதல் நாள் அவள் காருக்குள்ளேயே புத்தகத்தோடு இருந்திருக்கிறாள். றோசலின் வெளியே வந்து, குளிருக்குள் ஏன் பிள்ளை இருக்கிறாய், வா, அண்ணைக்கு எழும்ப ஒரு கை வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போய் இவருக்குப் பக்கத்தில் பாய் போட்டு விட்டாளாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் றோசலின் கொடுத்துவிட்ட கட்டைகளில் இவர் எனக்குச் செய்து காட்டுவார். முதலில் மூன்று கட்டை அடுக்கி அதன் மேல் மடித்த கம்பளி வைத்து அதில் இருந்து, இரண்டு முழங்காலுக்கும் கீழே தலையணை. காலை மடித்தால் அது அந்தரத்தில் தொங்காமல் தலையணையில் ஆறுதலாகக் கிடக்கும். இருக்கப் பழக்கின மாதிரியே எழும்பவும் பழக்கினாள் றோசலின். வலக்காலை முன்னுக்கு வை, கையைக் கட்டையில் ஊன்று, மூச்சை விட்டுக்கொண்டு எழும்பு. மூச்சைப் பிடித்தால் முழங்கால் பிடிக்கும் என்பாளாம். இவர் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிக்க, நிலாணிதான் பக்கத்தில் இருந்து "மூச்சு, மூச்சு" என்று ஞாபகப்படுத்துவாளாம்.

காரில் போகிறபோது இரண்டு பேரும் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு ஒரே ஆவல். இவரிடம் கேட்டால் சும்மா என்பார். அவளிடம் கேட்டால் நத்திங் அம்மா என்பாள். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். அந்தச் சிவப்புக் குளிர்ச் சட்டையைப் பற்றிக் கதைத்தார்களாம். அதை வாங்குவதற்கு இவர் கடையில் ஒரு சீனத்துப் பிள்ளையை நிறுத்தி அளவு பார்த்த கதையை இப்போதுதான் முதன்முதலாக அவளுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தோசமும் கொஞ்சம் எரிச்சலும் சேர்ந்து வந்தது. என்னிடம்கூடச் சொல்லாத கதை அது. ஆனால் அன்றைக்கும் அவள் குசினிக்குள் வந்து, "அம்மா, அவருக்கு ஐஸ் வைக்கோணுமாம்" என்றுதான் சொன்னாள்.

சித்திரையில் மூன்று கட்டை இரண்டாயிற்று. ஆனியில் ஒன்றாயிற்று. அதற்குக் கீழே இறங்க முழங்கால் சம்மதிக்கவில்லை. றோசலின் சொன்னாளாம், இது காணும் அண்ணை, இனி வருத்தினால் கலியாணத்தன்று தூக்கிக்கொண்டுதான் போகவேண்டி வரும் என்று.

கலியாணத்துக்கு முதல் வாரம் அண்ணர் குடும்பம் லண்டனிலிருந்து வந்து இறங்கியது. இவர் பெருமையோடு முன்னறையில் கட்டையை வைத்து, அதில் இருந்து காட்டினார். அண்ணர் பார்த்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"மணவறையிலை கட்டையோ? நல்ல காரியத்திலை சொல்லிற சொல்லோ அது, தம்பி? வேண்டாம். நாங்கள் இருக்கிறம்."

இவர் கட்டையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நேரே ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். என் மனிதருக்கு முழங்கால் ஏலாது, ஒரு சாமானின் மேல் இருந்து தாரை வார்க்கலாமோ என்று கேட்டேன். என்ன சாமான் என்று ஐயர் கேட்டார். கட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. மரத்தாலே செய்தது, சதுரம், இந்த அளவு உயரம் என்று சொன்னேன். ஐயர் சிரித்தார்.

"அது பலகை, அம்மா. பலகையிலை இருக்கிறதுதானே முறை. எத்தனை அங்குல உயரம் எண்டு ஒரு நூலிலும் எழுதேல்லை."

நான் அண்ணரிடம் போய், ஐயர் பலகைக்கு ஓம் என்றுவிட்டார் என்று சொன்னேன். அவரும் பலகை என்றால் சரி என்றுவிட்டார். கட்டிலுக்குக் கீழே கிடந்ததை எடுத்து, என் கூறைச் சேலையில் கிழிந்துபோன முந்தானைத் துண்டைச் சுற்றித் தைத்தேன். அரக்கு நிறத்தில் சரிகையோடு அது ஒரு குட்டிச் சிம்மாசனம் மாதிரி இருந்தது.

கலியாண மண்டபம் நிறையச் சனம். ஐயர் சட்டையில்லாத நெஞ்சில் பூணூலோடு சேர்த்து ஒரு சின்ன மைக்கைக் கொளுவியிருந்தார், பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று. இவர் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சுவர் பிடிக்காமல், ஆள் பிடிக்காமல், அந்தப் பலகையில் இறங்கிச் சப்பாணி கட்டினார். றோசலின் மூன்றாம் வரிசையில் இருந்து கை இரண்டையும் கோத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் ஒன்றையும் குறைக்கவில்லை. சங்கற்பம், தர்ப்பை, இரண்டு பக்கத்துப் பாட்டன் பூட்டன் பெயர் எல்லாம் ஆறுதலாகச் சொன்னார். இவருடைய கழுத்தில் வேர்வை ஓடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மெல்ல, கால் எப்படி என்று கேட்டேன். விறைத்துப்போச்சு என்றார் வாய்க்குள். அதற்குப் பிறகு ஐயர் சொன்னார், இப்ப தாயும் தகப்பனும் எழும்பி நிண்டு பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடுங்கோ என்று.

நான் செம்போடு எழும்பிவிட்டேன். இவர் எழும்பவில்லை. ஒரு தடவை உன்னினார், முழங்கால் கேட்கவில்லை. இன்னொரு தடவை உன்னினார். மேளகாரர் கொட்டத் தயாராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற அண்ணர் குனிந்து, விடு தம்பி, நான் குடுக்கிறன் என்று சொல்லி முன்னுக்கு ஓரடி வைத்தார். இவருடைய முகத்தை அப்போது பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டுச் சேலையும் மாலையுமாகத் தலை குனிந்து நின்ற நிலாணி, யாரையும் கேட்காமல் குனிந்து இவருடைய முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்தாள். ஐயருடைய மைக் அவளுடைய வாய்க்குக் கிட்ட இருந்தது.

"அப்பா, வலக்கால் முன்னுக்கு. கையைக் கட்டையிலை ஊண்டுங்கோ," என்றாள். "மூச்சை விடுங்கோ, அப்பா. நான் பிடிச்சிருக்கிறன்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. கட்டை என்ற சொல்லும் கேட்டது, அண்ணரும் கேட்டார், முன்னுக்கு வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

இவர் வலக்காலை முன்னுக்கு வைத்தார், கையை ஊன்றினார். மூச்சை மட்டும் விடவில்லை, விம்மிக்கொண்டே எழும்பினார். எழும்பி, மகளின் கையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ராகுலன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். கொடுங்கோ, கொடுங்கோ என்று ஐயர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.